15,000 ரூபாயில் ஒயிட் பேப்பர்: படிவம் வேண்டுமா, வேண்டாமா?

சிப்காட்வாசி (ராணிப்பேட்டை):
தோல் தொழிற்சாலைகளுக்குப் பரிசோதனை ஆலோசனை வழங்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. பதனிட்ட தோலில் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் 6 உருவாவதைத் தடுப்பது பற்றி 14 பக்கங்களில் ஓர் ஒயிட் பேப்பர், அதாவது தொழில்நுட்ப விளக்க அறிக்கை, எழுதி முடித்திருக்கிறோம். (வெள்ளை அறிக்கை என்றால், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு நிதிநிலை குறித்து வெளியிட்டதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள்.) இதை இணையத்தில் பரப்புவதற்கு 15,000 ரூபாய்க்கு மேல் செலவிட இயலாது. பெயரும் கைப்பேசி எண்ணும் கொடுத்தால்தான் பதிவிறக்கம் என்று வைப்பதா, திறந்தே விடுவதா?

ஆம்பூர் வணிகன்:
படிவம் கட்டாயம் வேண்டும். யார் படித்தார் என்பதே தெரியாவிட்டால் யாரைத் தொடர்புகொள்வீர்கள்? பெரிய நிறுவனங்கள் பெயர் பரவினால் போதும் என்று இலவசமாகக் கொடுக்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை. பத்துப் பேர் எண் கொடுத்து அவர்களில் ஒருவர் வாடிக்கையாளரானாலும் போட்ட பணம் திரும்பிவிடும்.

பாலாற்றங்கரை:
நண்பர் கூறும் கணக்கு வேறு தொழிலுக்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. தோல் ஆலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, குரோமியம் என்ற சொல்லுக்குக் கீழே தம் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொடுக்க இப்பகுதியில் எந்த முதலாளி முன்வருவார்? நானும் ஒருமுறை இத்தகைய படிவம் வைத்தேன். வந்த எண்களில் பாதி, ஒன்பது என்ற இலக்கத்தையே பத்து முறை தட்டியவை.

படிவத்துக்குப் பின்னால் பூட்டி வைத்த கோப்பை கூகுளாலும் படிக்க முடியாது. பிடிஎஃப்பைத் திறந்து வையுங்கள். அதற்கு முன் கோப்பின் பண்புகளில் தலைப்பு என்ன என்று பாருங்கள். என்னுடையதில் ‘மைக்ரோசாஃப்ட் வேர்டு - ஃபைனல் நியூ 3’ என்று இருந்தது, தேடல் முடிவிலும் பல மாதங்கள் அதுவே தெரிந்தது. அதைத் திருத்துவதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

ஆம்பூர் வணிகன்:
திறந்து வைத்தால் மட்டும் ஆள் வந்துவிடுமா? முதல் மாதமாவது தேடல் விளம்பரம் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

பாலாற்றங்கரை:
கொடுத்துப் பார்த்தவன் சொல்கிறேன். ‘தோல் பரிசோதனை’ என்ற சொல்லுக்கு விளம்பரம் கொடுத்தேன். பக்கத்திலுள்ள வேலூர் மருத்துவமனைக்குப் பெயர்போன ஊர் என்பதை மறந்துவிட்டேன். அரிப்புக்கும் தேமலுக்கும் மருந்து கேட்டு வந்த அழைப்புகளிலேயே 4,000 ரூபாய் கரைந்தது. விளம்பரம் தர விரும்பினால் ‘சருமம்’, ‘டாக்டர்’, ‘அரிப்பு’ ஆகியவற்றை விலக்க வேண்டிய சொற்களாக முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

அதைவிட, உங்கள் பேப்பரில் டெக்னீஷியனுக்கு உடனே பயன்படும் பகுதி எது? பதனிடும்போது போடுவது குரோமியம் 3தான்; நிறைவுறாக் கொழுப்புள்ள எண்ணெய், அதிகக் காரத்தன்மை, வெப்பம், வெயில் ஆகியவற்றால் அது 6ஆக மாறுகிறது என்பதும், மரப்பட்டை போன்றவற்றிலிருந்து எடுக்கும் தாவர டானின் கொண்டு மறுபதனிட்டால் அந்த மாற்றம் குறையும் என்பதும்தானே? அதை மட்டும் ஐந்து பக்கங்களாக்கி லிங்க்ட்இன்னில் ஆவணமாகப் பதியுங்கள். அதே பக்கங்களை வாட்ஸ்அப்பில் பத்து டெக்னீஷியன்களுக்குத் தனித்தனியாக, அவரவர் பெயர் சொல்லி அனுப்புங்கள். ஐரோப்பாவுக்குப் போகும் ஷூவின் தோலில் குரோமியம் 6 கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற வரம்பு 2015 மே முதல் நடைமுறையில் இருப்பதால், வாங்குபவர் திருப்பியனுப்பிய சரக்கைப் பார்த்தவர் அதை நிச்சயம் அடுத்தவருக்கு அனுப்புவார்.

ஆம்பூர் வணிகன்:
பெயர் சொல்லி அனுப்புவதை ஏற்கிறேன். ஆனால் ஒன்றுமே கேட்காமல் விடுவதை இப்போதும் ஏற்கவில்லை. 14 பக்கங்களும் திறந்திருக்கட்டும். தோல் பதனிடச் சுழலும் பேரலில் சேர்க்கும் ரசாயன அளவுகளைக் கணக்கிடும் எக்செல் தாளுக்கு மட்டும் மின்னஞ்சல் கேட்கலாம். அதைக் கேட்பவர் உண்மையிலேயே பதனிடும் வேலை செய்பவராக இருப்பார்.

பாலாற்றங்கரை:
கைப்பேசி எண் கேட்காதவரை எனக்கு மறுப்பில்லை.

சிப்காட்வாசி (ராணிப்பேட்டை):
இருவருக்கும் நன்றி. கோப்பின் தலைப்பைச் சற்றுமுன் பார்த்தேன். ‘டாக்குமெண்ட் 1’ என்று இருந்தது, மாற்றிவிட்டேன். எக்செல் தாளை இந்த வாரம் தயாரிக்கிறேன். விளம்பரத்துக்கு 3,000 மட்டும், அதுவும் விலக்குச் சொற்களோடு. மீதியில் ஐந்து பக்கச் சுருக்கத்துக்கு நல்ல தமிழில் ஒரு வடிவம் செய்ய நினைக்கிறேன், ஏனெனில் பேரல் அருகில் நிற்பவர்கள் ஆங்கிலத்தைப் படிப்பதில்லை. தோலை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்க் கலவையான ‘ஃபேட் லிக்கர்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதினால் அவர்களுக்குப் புரியும்?

ஆம்பூர் வணிகன்:
ஃபேட் லிக்கர் என்றே எழுதுங்கள்.