புதுப்பிப்பு: அம்மாவைப் பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா?

லண்டனில் அம்மாவைப் பராமரித்துக்கொண்டே கணக்கியல் படித்தால் கேரர்ஸ் அலவன்ஸ் (ஒருவரைப் பராமரிப்பவருக்கு அரசு தரும் உதவித்தொகை) நின்றுவிடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

விஷயம் இதுதான்: வாரத்துக்கு 21 மணி நேரமோ அதற்கு மேலோ படித்தால் பணம் கிடையாது. வகுப்பு மட்டுமல்ல, கல்லூரி கொடுக்கும் பாடவேலைக்கு ஆகும் நேரமும் கணக்கில் வரும். அதனால் கல்லூரியிடம் மணிக்கணக்கை எழுத்தில் வாங்கிவிடுங்கள். நான் பகுதிநேரப் படிப்பில் சேர்ந்துவிட்டேன், பணமும் தொடர்கிறது.

ஸ்காட்லாந்தில் இதற்குப் பதிலாக வந்த கேரர் சப்போர்ட் பேமென்ட்டை முழுநேர மாணவர்கள் பலரும் பெறலாம். வாரம் 35 மணி நேரம் பராமரிப்பவரின் படிப்புக்கு இங்கே மட்டும் ஏன் தடை? அநியாயம்தான்.

அப்புறம், படிப்பில் சேர்ந்ததும் அலவன்ஸ் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.