ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறலை, தொற்றுதான் காரணமா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு டயாலிசிஸ். வாராவாரம் எரித்ரோபாய்டின் (ரத்தம் ஊறத் தூண்டுற ஹார்மோன்) ஊசி போட்டு ஹீமோகுளோபின் 10.6-ல நின்னுட்டிருந்தது. போன மாசம் கழுத்துல போட்ட டயாலிசிஸ் குழாய், அதாவது கதீட்டர் வழியா கிருமி ஏறி குளிர்காய்ச்சல், கல்ச்சர்ல கிளெப்சியெல்லா. ஆன்டிபயாடிக் இன்னும் போகுது. ஊசி அதே அளவுதான், ஆனா ஹீமோகுளோபின் 8.2. ரத்தக்கசிவு இல்லைன்னுட்டாங்க. சேமிப்பு இரும்பைக் காட்டற ஃபெரிட்டின் 900, கூடியிருக்கு; ரத்தத்துல ஓடற இரும்பைக் காட்டற டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 13%, கம்மி. இவ்வளவு இரும்பு இருந்தும் ரத்தம் ஏன் ஊறலை?

செல்வி_தேனி:
முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் கொடுத்துப் பாருங்க தம்பி.

மஜ்ஜை_லேப்:
அது ரெண்டும் வேண்டாம் தம்பி, டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு பொட்டாசியம் ஏறிடும்.

நான் லேப்ல எலும்பு மஜ்ஜை ஸ்லைடு பார்க்கிறவ, ரத்தம் ஊறற இடம் அதுதான். சிவப்பணுவா மாறப்போற இளம் செல்கள் ஒரு கட்டத்துல எரித்ரோபாய்டின் இல்லைன்னா தானாவே செத்துப்போகும். அப்பாவுக்குப் போடற ஊசி அதுங்களைச் சாகவிடாம வைக்குது. கிளெப்சியெல்லாவோட வெளிச்சுவர்ல எண்டோடாக்சின்னு ஒரு நஞ்சு இருக்கு. அது மேக்ரோஃபேஜை, அதாவது கிருமியை விழுங்கற, பழைய சிவப்பணுவோட இரும்பைச் சேமிக்கிற செல்லைக் கிளப்பிவிட்டா டி.என்.எஃப், இன்டர்லூகின்-6ங்கிற அழற்சி சிக்னல்களைக் கொட்டும். டி.என்.எஃப் இளம் செல்களை அமுக்கிடும், ஊசி போட்டாலும் முன்ன மாதிரி வளராது. இன்டர்லூகின்-6 கல்லீரல்ல ஹெப்சிடின்ங்கிற ஹார்மோனை ஏத்தும். சிறுநீரகம் கெட்டவங்களுக்கு அது ஏற்கெனவே கூடத்தான் இருக்கும். செல்லுக்குள்ள இருக்கிற இரும்பு வெளிய வர்ற வாசல் ஃபெரோபோர்ட்டின். ஹெப்சிடின் அந்த வாசலையே அழிச்சிடும்.

இந்த மாதிரி கேஸ்ல இரும்பை நீலமா காட்டற பிரஷ்யன் ப்ளூ சாயத்தை மஜ்ஜை ஸ்லைடுல போட்டுப் பார்த்தா மேக்ரோஃபேஜ்ல நீலம் அப்பிக்கிடக்கும். அதை ஒட்டியே நிக்கிற எரித்ரோபிளாஸ்ட்ல (சிவப்பணுவா மாறப்போற இளம் செல்) நீலப்புள்ளி தேடினாலும் கிடைக்கிறது அபூர்வம். இரும்பு பக்கத்து செல்லுலயே இருக்கு, ஆனா கைக்கு வராது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மனசு ஆறாது. அப்பாவோட 900-ம் 13%-ம் அதைத்தான் சொல்லுது.

வைகைக்கரை:
அப்போ ஊசி அளவைக் கூட்டச் சொல்லட்டுமா அக்கா? இல்ல இரும்பு டிரிப்ஸ்?

மஜ்ஜை_லேப்:
நீங்களா கேட்டு வாங்காதீங்க. அளவு கூடினா பி.பி. ஏறும், ரத்தம் உறையற ஆபத்தும் உண்டு. தொற்று தீவிரமா இருக்கிறப்போ இரும்பு டிரிப்ஸை பொதுவா நிறுத்தித்தான் வைப்பாங்க, கிருமிக்கும் இரும்பு தேவை. அந்தக் கதீட்டரை மாத்தணுமா, அழற்சியைக் காட்டற சி.ஆர்.பி. எவ்வளவு, இதை நெஃப்ராலஜிஸ்ட்கிட்ட (சிறுநீரக டாக்டர்) கேளுங்க. தொற்று அடங்கினதும் முதல்ல ரெட்டிகுலோசைட் (புதுசா வந்த சிவப்பணு) எண்ணிக்கை ஏறும், ஹீமோகுளோபின் அதுக்குப் பின்னாலதான் வரும்.

வைகைக்கரை:
கதீட்டர் இன்னும் அதேதான் இருக்கு அக்கா. நாளைக்கு செஷன், முதல் வேலையா அதைக் கேட்கிறேன்.