கயாக்கில் மீன்பிடிக்க நீர்புகா கேமரா: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது?

நீலக்கயாக்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை பாலிஎத்திலீன் கயாக். ஏரியிலும் கழிமுகத்திலும் தூண்டில் போடுகிறேன். மீன் கடிக்கும் நொடியிலிருந்து கைக்கு வரும் வரை முழுதாகப் படம் பிடிக்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை.

இப்போது பழைய ஆக்‌ஷன் கேமரா ஒன்றைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்துத் தலைப்பட்டையில் மாட்டுகிறேன். தலை திரும்புகிற பக்கமெல்லாம் படமும் திரும்புகிறது, பார்த்தால் தலைசுற்றல் வருகிறது. மீனைக் கைவலையில் எடுக்கும்போது கண் மீனைப் பார்க்கிறது, கேமராவோ எதிரே இருக்கும் தண்ணீரைப் பார்க்கிறது. கொஞ்ச நேரத்தில் கூட்டுக்குள் மூட்டம் போட்டுவிடுகிறது. பேட்டரியும் நல்ல மீன் வருவதற்கு முன்பே தீர்ந்துபோகிறது.

புதிதாக வாங்கத் தயார். 10 மீட்டர் ஆழம் தாங்கும் என்று போட்டிருந்தால் போதுமா? எங்கே பொருத்துவது? கயாக்கில் ஓட்டை போட மனசு வரவில்லை.

அமரத்துக்காரர்:
முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள், கேமராவை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் சொன்ன தொல்லைகளில் பாதி கேமராவால் வருவதே இல்லை, தலைப்பட்டையால் வருகிறது. மார்புப்பட்டையும் உதவாது. லைஃப் ஜாக்கெட் லென்ஸை மேல்நோக்கித் தள்ளும், துடுப்பு போடும் இரண்டு கையும் மாறி மாறி மறைக்கும்.

என் அனுபவத்தில் சிறந்த இடம் அமரம், அதாவது கயாக்கின் பின்பகுதி. இருக்கைக்குப் பின்னால் ஒரு கம்பம், அதன் நுனியில் கேமரா. உட்கார்ந்த நிலையில் உங்கள் தலைக்குச் சற்று மேலே வரட்டும். தொப்பியின் விளிம்பு, தூண்டில் கம்பின் நுனி, அணியம் (கயாக்கின் முன்முனை) மூன்றும் ஒரே சட்டத்துக்குள் விழும்படி லென்ஸைக் கொஞ்சம் கீழே சாய்த்துவிடுங்கள். ஆக்‌ஷன் கேமராவின் லென்ஸ் அகலமானது, பக்கத்தில் இருப்பதைப் பூதாகரமாகக் காட்டும். கம்பம் குட்டையாக இருந்தால் படம் முழுக்க உங்கள் முதுகுதான்.

வலது கையால் வீசுகிறவர் என்றால் கம்பம் இடது பின்புறம். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். வீசுவதற்காகக் கம்பைப் பின்னால் கொண்டுபோகும்போது முள் கம்பத்தில் மாட்டினால் கேமராவும் போகும், தூண்டில் கம்பும் உடையும்.

கம்பம் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய நீளக் கம்பம் ஒவ்வொரு துடுப்புக்கும் ஆடும், அந்த ஆட்டத்தைக் கேமராவின் நிலைப்படுத்தும் வசதியால் முழுதாகச் சரிசெய்ய முடியாது. மரக்கிளைகளுக்கு அடியில் நுழைகிறவர் என்றால் மடக்கிக்கொள்ளும் மூட்டு இருப்பது அவசியம்.

தங்கூசி:
அமரத்துக்காரர் சொன்னதில் ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக்கருத்து. பின்னாலிருந்து எடுத்தால் மீனோடு மல்லுக்கட்டுவது தெரியும், ஆளின் முகம் தெரியாது. மீன் பிடித்தவரின் முகத்தைப் பார்க்கத்தானே எல்லோரும் அந்தப் படத்தைப் பார்க்கிறார்கள்? நான் அணியத்துப் பக்கம் குட்டையான கை ஒன்றில் என்னைப் பார்த்தபடி வைத்திருக்கிறேன். மீனைத் தூக்கிக் காட்டும்போது பிரமாதமாக விழுகிறது.

இதிலும் கவனம் வேண்டும். பெரிய மீன் கயாக்குக்கு அடியில் புகுந்து மறுபக்கம் ஓடினால் கம்பை அணியத்தைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டிவரும். அப்போது தூண்டில் நரம்பு சிக்காத அளவுக்குக் கேமரா தாழ்வாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கயாக் கவிழ்ந்தால் இருக்கைக்குப் பக்கவாட்டிலிருந்து வயிற்றால் ஊர்ந்துதான் மேலே ஏறுவோம். அந்த இடத்தில் கம்பமோ கொக்கியோ நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நல்ல படத்துக்காக ஏறும் வழியை அடைத்துவிடாதீர்கள்.

ஈரலென்ஸ்:
கேமரா பற்றி நான் சொல்கிறேன்.

10 மீட்டர் தாராளமாகப் போதும். கோப்ரோ ஹீரோ 5 பிளாக் முதல் ஹீரோ 12 பிளாக் வரை கூடு இல்லாமலேயே 10 மீட்டர் தாங்கும். டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4 என்றால் 18 மீட்டர், ஆக்‌ஷன் 5 புரோ 20 மீட்டர். கயாக்கில் தெறிப்பும் மழையும்தான் அன்றாடம். ஆழக்கணக்கு தேவைப்படுவது கேமரா கழன்று அடியில் போய் உட்கார்ந்தால்தான். ஐபிஎக்ஸ்7 என்ற நீர்புகாத் தரக்குறி மட்டும் போட்டிருந்தால் அது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடத்துக்கான சோதனை, கயாக்குக்கு அதை நம்பி இறங்காதீர்கள். எந்த எண்ணாக இருந்தாலும் பேட்டரிக் கதவு சரியாக மூடியிருந்தால்தான் செல்லும். ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகளோ முடியோ ஒட்டியிருந்தாலே தண்ணீர் புகுந்துவிடும். கதவைத் திறந்துவைத்து பவர்பேங்கில் சார்ஜ் ஏற்றியபடி ஓட்டுவதும் கூடாது.

மூட்டம் வருவதற்குக் காரணம், கூட்டை மூடும்போது உள்ளே மாட்டிக்கொள்ளும் ஈரக்காற்று. கேமரா ஓடும்போது சூடாகிறது, வெளிக்கண்ணாடி தண்ணீர் பட்டுக் குளிர்கிறது, உள்ளே இருக்கும் ஈரம் அந்தக் கண்ணாடியில் படிகிறது. கூடு இல்லாத கேமரா வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். அதுவரை பழைய கேமராவைக் காற்று உலர்ந்த அறையில் வைத்துக் கூட்டை மூடுங்கள், உள்ளே ஈரம் உறிஞ்சும் பட்டை ஒன்று வையுங்கள், தண்ணீரில் நிற்கும்போது திறக்காதீர்கள்.

பேட்டரிக்கு வழி அமைப்புகளில் இருக்கிறது. 4கே தெளிவில் நொடிக்கு 60 சட்டம் (ஃபிரேம்) வேண்டாம். 1080 அல்லது 2.7கே, நொடிக்கு 30 சட்டம் போதும். வைஃபை, ஜிபிஎஸ், பின்திரை மூன்றையும் அணையுங்கள். சூடும் இதனால் குறையும். மெதுவாக நகரும் கயாக்கில் கேமராவைக் குளிரவைக்கக் காற்றோட்டம் இருக்காது, உச்சிவெயிலில் 4கே ஓட்டினால் தானே அணைந்துபோக வாய்ப்புண்டு.

முக்கியமாக, பதிவு பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய சில நொடிகளையும் சேர்த்துப் பிடிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கோப்ரோவில் ஹைண்ட்சைட் என்ற பெயரில் 15 அல்லது 30 நொடி கிடைக்கும், டிஜேஐயிலும் இதே மாதிரி உண்டு. ஆனால் அது இயங்கும்போது கேமரா விழித்தே இருக்கும், பேட்டரி செலவாகும். நாள் முழுக்கப் போடாமல், நம்பிக்கையான இடத்தில் வீசும்போது மட்டும் போடுங்கள்.

மெமரி கார்டு வி30 என்ற பதிவு வேகக் குறி உள்ளதாக இருக்கட்டும். கணக்கு எளிது: நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் மணிக்கு 45 ஜிபி. 60 மெகாபிட் என்றால் 27 ஜிபி.

அமரத்துக்காரர்:
தங்கூசி சொன்ன ஏறும் வழி விஷயம் முற்றிலும் சரி. பின்கம்பத்தையும் இருக்கைக்கு நேர் பக்கத்தில் வைக்காமல் நன்றாகப் பின்னால் தள்ளியே வையுங்கள்.

ஓட்டை பற்றி: பல மீன்பிடி கயாக்குகளில் இருக்கைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தூண்டில் கம்பு செருகும் குழிகள் இருக்கும். அதில் செருகும் கேமராக் கம்பங்கள் கிடைக்கின்றன, ஓட்டையே வேண்டாம். பக்கவாட்டில் உலோகத் தண்டவாளம் இருந்தால் டி வடிவ போல்ட் போட்டு ஏற்றலாம். ஒட்டும் பட்டையை நம்பாதீர்கள். பாலிஎத்திலீனில் பசை சரியாகப் பிடிக்காது, வெயிலும் உப்பும் சேர்ந்தால் சீக்கிரமே கழன்றுவிடும். உறிஞ்சு கிண்ணமும் சொரசொரப்பான மேற்பரப்பில் நிற்காது.

எதில் மாட்டினாலும் கேமராச் சட்டத்திலிருந்தே ஒரு கயிறு கயாக்கில் கட்டியிருக்க வேண்டும். கம்பத்தில் கட்டிப் பயனில்லை, கம்பமே போனால் இரண்டும் போகும். கயிறு குட்டையாக இருக்கட்டும், நீளமான கயிறு கவிழும்போது காலைச் சுற்றும். ஆக்‌ஷன் கேமரா தானாக மிதக்காது, அதனால் பின்பக்கம் ஒரு நுரைமிதவையும் ஒட்டிவிடுங்கள்.

நீலக்கயாக்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. இருக்கைக்குப் பின்னால் குழி இருக்கிறது! இதுவரை அதில் தூண்டில் கம்பு மட்டும்தான் செருகியிருந்தேன். இடது குழியில் ஒரு தற்காலிகக் கம்பம் செருகி, பழைய கேமராவையே வைத்துப் பார்த்தேன். படம் அடியோடு மாறிவிட்டது. கம்பு வளைவது, நரம்பு போகும் திசை, கைவலை இறங்குவது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. கம்பம் குழிக்குள் லேசாகச் சுழல்கிறது, அது ஒன்றுதான் குறை.

இன்னும் இரண்டு கேள்வி. லென்ஸில் நீர்த்துளி நின்றால் பின்னால் எட்டித் துடைப்பது கஷ்டம், என்ன செய்யலாம்? தண்ணீருக்கடியில் மீன் மேலே வருவதும் தெரியும்படி எடுக்க முடியுமா?

ஈரலென்ஸ்:
கம்பம் பின்னால் உயரத்தில் இருந்தால் தெறிப்பு குறைவாகத்தான் வரும், துளிகளில் பெரும்பாலானவை துடுப்பிலிருந்து சொட்டுபவை. துடுப்புத் தண்டில் வழியும் நீரைத் தடுக்கும் சொட்டு வளையங்கள் இருக்கின்றனவா, சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதையும் மீறி வந்தால் இரண்டு வழி. நீர் விலக்கும் பூச்சு பூசினால் துளிகள் உருண்டு ஓடும். பூச்சில்லாத கண்ணாடி என்றால் உமிழ்நீரைத் தடவி லேசாக அலசிவிடுங்கள், தண்ணீர் துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவிவிடும், படம் கெடாது. இரண்டையும் ஒன்றாகச் செய்யாதீர்கள், ஒன்றையொன்று கெடுக்கும்.

அடியில் இருக்கும் மீன் தெரிய போலரைசர் வடிகட்டி போடுங்கள். தண்ணீர்ப் பரப்பின் பளபளப்பை அது வெட்டும், பரப்பைச் செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வில் பார்க்கும்போது மிக நன்றாக வெட்டும். உங்கள் கம்பத்தின் உயரத்துக்குக் கயாக்கை ஒட்டிய தண்ணீர் ஏறத்தாழ அந்தச் சாய்வில்தான் விழும். ஆனால் வெளிச்சம் பாதிக்கும் மேல் குறைந்துவிடும், ஆகவே அதிகாலையில் கழற்றிவிடுங்கள்.

தங்கூசி:
சுழலும் கம்பத்துக்கு: குழியின் அடியில் குறுக்குத் தண்டு இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். இருந்தால் கம்பத்தின் அடிமுனையில் அதற்கேற்ற பிளவு வெட்டினால் போதும். இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி இறுக்கமாகச் செருகுங்கள். கழிமுகத்திலிருந்து திரும்பியதும் கேமராவைக் கதவு மூடியபடியே நல்ல தண்ணீரில் ஊறவைத்து, காய்ந்த பிறகு திறவுங்கள். கம்பத்தையும் குழியிலிருந்து உருவி அலசுங்கள், உப்பு காய்ந்தால் இறுகிவிடும்.