வீட்டுக்குள் ரேடியோ ஏரியல்: பிளக் பாயிண்டில் ஒயர் சொருகலாமா?

நீடாமங்கலத்தான்:
அப்பாவுக்குக் காலையில் திருச்சி வானொலி கேட்டே ஆக வேண்டும். ஓட்டு வீட்டில் கணீரென்று பேசிய அதே பேட்டரி செட், புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீட்டில் ஒரே இரைச்சல், காரைக்கால் எஃப்எம்மும் விட்டு விட்டுத்தான் வருகிறது. ஐப்பசி இடிக்குப் பயந்து மாடியில் கம்பி கட்ட விடமாட்டேன் என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவரோ, பிளக் பாயிண்டின் எர்த் ஓட்டையில் ஒரு ஒயரைச் சொருகி மறுமுனையை ஏரியலில் சுற்று என்கிறார். செய்யலாமா?

பழைய மெக்கானிக்:
வேண்டவே வேண்டாம் தம்பி. அந்தக் காலத்தில் நிறைய பேர் செய்ததுதான், அதனால் சரியாகிவிடாது. எர்த் எங்கேயாவது அறுந்திருந்து, வீட்டில் ஏதாவது ஒரு மெஷினில் லீக்கேஜ் இருந்தால் அந்த 230 வோல்ட்டும் உங்கள் ஏரியல் கம்பிக்கு வந்து நிற்கும், அப்பா கை வைப்பது அதில்தான். நடுவில் கண்டென்சர் போட்டால் ஆபத்தில்லை என்று ஒருத்தர் வருவார், அவரையும் நம்பாதீர்கள், அது ஷார்ட் ஆனால் கதை முடிந்தது.

வெண்ணாற்றங்கரை:
மேலே அண்ணன் சொன்னதோடு இதையும் பாருங்கள். திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ், மீடியம் வேவ். சின்ன செட்டில் இதை எடுப்பது வெளியே நீட்டுகிற கம்பி இல்லை, உள்ளே காயில் சுற்றிய கறுப்பு ஃபெரைட் கம்பி. அது பெரும்பாலும் செட்டின் நீளவாக்கில் படுத்திருக்கும், அதனால் செட்டின் முகமோ முதுகோ மேற்கே திருச்சியைப் பார்த்து இருக்க வேண்டும், பக்கவாட்டில் திருப்பினால் சத்தம் அமுங்கிவிடும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி வேறு சிக்னலைத் தடுக்கும். மேற்கு ஜன்னல் ஓரம் வைத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், ஆனால் ஜன்னல் கம்பியை ஒட்டி வேண்டாம்.

அதிலும் எடுக்காவிட்டால், 45 செ.மீ. சதுர அட்டைப்பெட்டியைச் சுற்றி இன்சுலேஷன் உள்ள ஒயரை 16 அல்லது 18 சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் பழைய ரேடியோவில் கழற்றிய கேங் கண்டென்சரில் (ஸ்டேஷன் மாற்றத் திருகுகிற பாகம்) சேருங்கள். செட்டோடு எந்த இணைப்பும் வேண்டாம், பக்கத்தில் வைத்து கேங்கைத் திருகினால் ஒரு இடத்தில் குரல் எழும்பி வரும். பேட்டரியும் இல்லை, கரண்டும் இல்லை, எனக்கு இதுதான் பிடித்த வழி.

காரைக்கால் 100.3 மெகாஹெர்ட்ஸ், அதற்குத்தான் நீட்டுகிற கம்பி. முக்கால் மீட்டர் அளவுக்கு இழுத்தால் போதும், செட்டில் உள்ளது குட்டையாக இருந்தால் ஒன்றரை மீட்டர் ஒயரை கிளிப் போட்டு அந்தக் கம்பியில் மாட்டி உள்சுவரில் டேப் போட்டு ஒட்டுங்கள். நேராகவும் படுக்கையாகவும் வைத்துப் பார்த்து, எது நன்றாக எடுக்கிறதோ அப்படியே விடுங்கள்.

நீடாமங்கலத்தான்:
நன்றி அண்ணே. ஒயரை ஜன்னல் வழியாகத் தென்னை மரம் வரைக்கும் கொண்டு போனால்?

பழைய மெக்கானிக்:
அப்புறம் அது வீட்டுக்குள் ஏரியல் இல்லையே! காற்றில் மட்டை விழுந்து ஒயர் தெருக் கரண்டு லைனில் பட்டால் என்ன ஆகும்? வெளியே போகும் கம்பி மின்னலையும் உள்ளே கூட்டி வரும். இடி சத்தம் தூரத்தில் கேட்டாலே உள் ஒயரின் கிளிப்பையும் கழற்றிவிடுங்கள்.

மண்வாசனை:
ஏரியலைத் தொடும் முன் மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு பேட்டரியில் கேட்டுப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள்தான், எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் மலிவான சார்ஜர் ஒன்றுதான், அதைப் பிடுங்கியதும் திருச்சி பேச ஆரம்பித்துவிட்டது.