புதுப்பிப்பு: தனியாக வளரும் கார்ன் பாம்பு முட்டையிட்டது

ஆண் துணையே இல்லாத என் கார்ன் பாம்பு (வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத பாம்பு வகை) திடீரென முட்டையிட்டது, கடைசி முட்டை வயிற்றிலேயே நிற்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

மூடியுள்ள பெட்டியில் ஓட்டை போட்டு, ஈரப்பாசி நிரப்பி வைக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. உள்ளே போய்ச் சுருண்டு, அந்தக் கடைசி முட்டையையும் இட்டுவிட்டது. வராவிட்டால் கால்நடை மருத்துவர்தான். நாமே வயிற்றை அமுக்கினால் முட்டை உள்ளேயே உடையலாம்.

அப்புறம் உள்ளே கரு இருக்கிறதா என்று முட்டைகள் மேல் டார்ச் அடித்துப் பார்த்தேன். பெரும்பாலானவை மஞ்சளாகச் சுருங்கியவை, கரு இல்லை. ஆனால் ஒன்றில் சிவப்பு ரத்த நாளங்கள்! வளர்ந்த பாம்பாகத்தான் வாங்கினேன், அதனால் என்னிடம் வரும் முன்பே இணை சேர்ந்திருக்கலாம். பழைய இணையின் விந்தைப் பெண் பாம்புகள் மாதக்கணக்கில் சேமித்து வைக்கும். அந்த முட்டையை உருட்டாமல், மேல்பக்கம் பென்சிலால் குறியிட்டு, ஈர வெர்மிகுலைட்டில் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) 28 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறேன். பொரிக்க ஏறக்குறைய 60 நாள் ஆகும். தாய்க்குச் சின்ன எலியாகக் கொடுத்தேன், உடனே விழுங்கியது.