மொன்டானாவின் ஒற்றைத் தொகுதி: அநீதியா, வெறும் கணக்கா?

வரைபடப்பித்தன்:
அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்கு 1993 முதல் 2023 தொடக்கம் வரை பிரதிநிதிகள் சபையில் ஒரே ஓர் இடம். ஜப்பானைவிடச் சற்றே பெரிய நிலப்பரப்புக்கு ஓர் உறுப்பினர்! மேற்கே மரம் வெட்டும் மலைகளும் மிசூலா பல்கலைக்கழகமும். கிழக்கே கோதுமை, மாடு, நிலக்கரி. ஒருவரே பேசினால் யாருக்காகப் பேசுவார்? அந்தத் தொகுதி இரண்டாகப் பிரிந்து ஒழிந்தது நல்லதே என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குப்பிள்ளை:
வந்துவிட்டேன். இதை எதிர்த்து மொன்டானா வழக்கே போட்டது. 1992இல் உச்ச நீதிமன்றத்தில் ஒருமனதான தீர்ப்பில் தோற்றது. ஏன் என்று அறிய ஒரு தாளும் பென்சிலும் போதும். 1990 கணக்கெடுப்பின்படி இடப் பங்கீட்டுக்கான மக்கள்தொகை 8,03,655. நாட்டின் சராசரித் தொகுதி 5,72,466. ஓர் இடம் என்றால் அது சராசரியைப் போல் 1.40 மடங்கு. இரண்டு என்றால் தொகுதிக்கு 4,01,828 பேர். சராசரி அதைப் போல் 1.42 மடங்கு. ஆக, ஓர் இடமே நெருக்கம். 1941 முதல் எல்லா மாநிலங்களுக்கும் இதே விகித முறைதான்.

வரைபடப்பித்தன்:
வகுத்தது போதும், கழித்துப் பாருங்கள். ஓர் இடம் என்றால் சராசரிக்கு மேல் 2,31,189 பேர். இரண்டு என்றால் சராசரிக்குக் கீழே 1,70,638 பேர்தான். இப்போது எது நெருக்கம்? மூன்று நீதிபதிகள் அமர்ந்த கீழ் நீதிமன்றத்தில் மொன்டானா வென்றதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கணக்குப்பிள்ளை:
இருப்பது 435 நாற்காலிகள். மொன்டானாவுக்குக் கொடுத்தால் வாஷிங்டன் மாநிலத்திடமிருந்து பிடுங்க வேண்டும். அவர்களும் மக்கள்தான்.

பழைய வாசகி:
இருவரும் 1993இலேயே நிற்கிறீர்கள். இந்தத் தொகுதிக்கு முற்பிறவி உண்டு. 1913 முதல் 1919 வரை மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி, இடம் மட்டும் இரண்டு. 1916இல் ஜனநாயகக் கட்சியின் ஜான் எவன்ஸ் முதலாவதாக வந்தார். குடியரசுக் கட்சியின் ஜெனட் ராங்கின் இரண்டாவதாக வந்து, அமெரிக்கக் காங்கிரசின் முதல் பெண் உறுப்பினரானார். ஓர் இடம்தான் என்றிருந்தால் அவர் பெயரே நமக்குத் தெரிந்திராது. 1917இல் போரை எதிர்த்து வாக்களித்த ஐம்பது பேரில் அவரும் ஒருவர். அடுத்த தேர்தலுக்குள் மாநிலத்தை இரண்டாக வகுந்துவிட்டார்கள். அவர் ஊர் விழுந்த மேற்குத் தொகுதியில் எதிர்க்கட்சியின் கை ஓங்கியிருந்தது. செனட்டுக்குப் போட்டியிட்டுத் தோற்றார். வாஷிங்டன் தலைநகரில் அவருடைய வெண்கலச் சிலையின் பீடத்தில், போருக்கு வாக்களிக்க என்னால் முடியாது என்ற வாசகத்தைப் பொறித்திருக்கிறார்கள்.

வரைபடப்பித்தன்:
அக்கா, அதே ராங்கின் 1940இல் அதே மேற்குத் தொகுதியில் வென்றாரே! 1941இல் ஜப்பான் மீதான போர்ப் பிரகடனம் 388க்கு 1 என்று நிறைவேறியது. அந்த ஒன்று அவர்தான். கோடு அவரைத் தடுக்கவில்லை.

பழைய வாசகி:
1918க்கும் 1940க்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டுகள், தம்பி. தடுக்கவில்லையாம்!

புதுவரவு:
தமிழ்நாடும் 1967இல் 41 மக்களவைத் தொகுதிகளிலிருந்து 39க்கு இறங்கியதே, அதைப் பற்றி...

வரைபடப்பித்தன்:
அதைத் தொட்டால் விடிய விடியப் போகும். தனியாகத் தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

கணக்குப்பிள்ளை:
ஒற்றைத் தொகுதியில் ஒரு நன்மை உண்டு. மாநில எல்லையை எந்தக் கட்சியும் தன் வசதிக்கு வளைக்க முடியாது. 1992இல் மேற்கின் பாட் வில்லியம்ஸும் கிழக்கின் ரான் மார்லனியும் மோதினார்கள். இருவரும் பதவியில் இருந்தவர்கள். வில்லியம்ஸ் குறுகிய வித்தியாசத்தில் வென்றார். இருவருமே மறுபக்கத்துக்குப் போய் வாக்குக் கேட்க வேண்டியிருந்தது.

வரைபடப்பித்தன்:
அப்புறம்? 1996 முதல் 2020 வரை எல்லாத் தேர்தலிலும் குடியரசுக் கட்சியே. 2010 கணக்கெடுப்பில் இன்னும் கொடுமை: 9.9 லட்சம் பேர் உள்ள மொன்டானாவுக்கு ஒன்று, 10.5 லட்சம் பேர் உள்ள ரோட் ஐலண்டுக்கு இரண்டு.

கணக்குப்பிள்ளை:
பிரித்த பிறகு மட்டும்? 2022இல் மேற்கே ஜிங்கி, கிழக்கே ரோசன்டேல். இருவரும் குடியரசுக் கட்சி.

வரைபடப்பித்தன்:
மேற்கில் வித்தியாசம் மூன்று சதவீத அளவுதான். வென்றவர் வியர்வை சிந்தினார், எனக்கு அது போதும்.

பழைய வாசகி:
2020 கணக்கெடுப்புக்குப் பின் மொன்டானாவில் தொகுதிக்கு 5.4 லட்சம் பேர். நாட்டிலேயே அதுதான் குறைவு. இப்போது 9.9 லட்சம் பேருடன் ஒற்றை இடத்தில் தவிப்பது டெலவேர். அவர்கள் வழக்குப் போட்டால், தம்பி, உங்கள் கழித்தல் கைகொடுக்குமா?

கணக்குப்பிள்ளை:
நானே போட்டுப் பார்த்தேன். சராசரி இப்போது 7,61,169. ஓர் இடம் என்றால் 2.30 லட்சம் மேலே. இரண்டு என்றால் 2.66 லட்சம் கீழே. வகுத்தாலும் கழித்தாலும் ஒன்றுதான்.

வரைபடப்பித்தன்:
டெலவேரை ஒப்புக்கொள்கிறேன். மொன்டானாவை இல்லை.