வார் தண்டரில் ஹெட்-ஆன் வருகிறவனை எப்படிச் சமாளிப்பது?

குருவி_109:
எல்லாருக்கும் வணக்கம். வார் தண்டர் என்ற ஆன்லைன் போர் கேமில், ரியலிஸ்டிக் மோடில், இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் விமானமான மெஸ்ஸர்ஸ்மிட் 109 எஃப்-4 ஓட்டுகிறேன். மவுஸ்தான், ஜாய்ஸ்டிக் இல்லை. உயரம் ஏறிக் காத்திருப்பது, மேலிருந்து இறங்கி அடித்துவிட்டு மறுபடி ஏறிவிடுவது எல்லாம் ஓரளவு கைவந்துவிட்டது. வம்பு எங்கே என்றால், என் உயரத்திலேயே எதிரே ஒருவன் வந்தால் மூக்கை நேராக என் மேல் வைத்துக்கொண்டு வந்துகொண்டே இருக்கிறான், விலகுவதே இல்லை. நானும் சுட்டால் இரண்டு பேரும் எரிந்து விழுகிறோம். சுடாமல் கடைசி நேரத்தில் விலகினால் வயிற்றிலோ இறக்கையிலோ வாங்கிக்கொண்டு நான் மட்டும் விழுகிறேன். அதுவும் அமெரிக்க பி-47 என்றால் கேட்கவே வேண்டாம், 800 மீட்டரிலிருந்தே ட்ரேசர் (ஒளிர்ந்துகொண்டு வரும் குண்டு) மழைதான். இதற்கு முறை ஏதாவது இருக்கிறதா, இல்லை ஹெட்-ஆன் என்றாலே பூவா தலையாதானா? அப்புறம், இப்படி மோத வருவதெல்லாம் ஒரு ஆட்டமா என்று யாராவது நாலு வார்த்தை திட்டினால் மனசு ஆறும்.

வால்காற்று:
திட்டுவதை அப்புறம் பார்க்கலாம், முதலில் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். இரண்டு பேரும் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் வந்தால் இடைவெளி நொடிக்கு சுமார் 280 மீட்டர் குறைகிறது. திரையில் எதிரி மேல் தெரியும் தூர மார்க்கரில் 2 கி.மீ. காட்டும்போது உங்கள் கையில் ஏழு நொடி இருக்கிறது. 800 மீட்டரில் மூன்று நொடிகூட இல்லை. நீங்கள் 'கடைசி நேரம்' என்று சொல்வது பெரும்பாலும் 300 மீட்டராக இருக்கும், அதாவது ஒரே ஒரு நொடி.

அந்த ஒரு நொடி முழுக்க 6 ஜி (புவியீர்ப்பைப் போல ஆறு மடங்கு) இழுத்தாலும் விமானம் பழைய பாதையை விட்டு நகர்வது 30 மீட்டருக்குள்தான். அதற்கு முன்னால் உருள வேண்டும், உருளவே பாதி நொடி போய்விடும். ஆக நீங்கள் விலகியதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அவன் பார்வையில் நீங்கள் அதே இடத்தில்தான் இருக்கிறீர்கள், என்ன ஒன்று, அதுவரை ஒல்லியாகத் தெரிந்த விமானம் இப்போது இரண்டு இறக்கையையும் வயிற்றையும் அகலமாக விரித்துக் காட்டுகிறது. அவன் குறி வைக்கக்கூட வேண்டாம், பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் போதும். நீங்கள் மட்டும் விழுவதற்குக் காரணம் இதுதான்.

அதனால் முடிவு எடுக்க வேண்டிய இடம் 2 கி.மீ. அங்கேயே இறக்கையைச் சாய்த்து, அவன் உங்கள் மூக்குக்கு நேராக இல்லாமல் 20, 30 டிகிரி பக்கவாட்டில் தெரிகிற மாதிரி விலகுங்கள். முழு பலத்தோடு இழுக்கத் தேவையில்லை, 3 ஜி அளவுக்கு இழுத்தாலே நான்கு நொடியில் 200 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடுவீர்கள், வேகமும் அவ்வளவாகக் குறையாது. முடிந்தால் பக்கவாட்டோடு கொஞ்சம் கீழேயும் இறங்குங்கள். நீங்கள் போகும் பாதையில் கொஞ்சம் முன்னால் சுட வேண்டுமென்றால் அவன் மூக்கைக் கீழே அமுக்க வேண்டும், அப்போது அவனுடைய இன்ஜின் மூடியே உங்களை மறைத்துவிடும். உடம்பை இருக்கையிலிருந்து மேலே தூக்குகிற அந்த நெகட்டிவ் ஜியில் குறி வைத்துச் சுடுவது சுலபமான வேலை இல்லை. மேலே போனால் கதை தலைகீழ், அவன் ஸ்டிக்கை லேசாக இழுத்தாலே உங்கள் வயிறு அவன் கண்ணாடியில் வந்து உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று, விலகிய பிறகு நேர்கோட்டில் பறக்காதீர்கள். இழுப்பை ஒரு முறை கூட்டி ஒரு முறை தளர்த்தி, கொஞ்சம் உருண்டுகொண்டே போங்கள். அவன் நீங்கள் இருக்கும் இடத்தைச் சுடுவதில்லை, போகப்போகும் இடத்தைச் சுடுகிறான். அந்த இடம் அவனுக்குத் தெரியாமல் இருந்தால் சரி.

இப்போது உண்மையான லாபம். 200 மீட்டர் பக்கவாட்டு இடைவெளி கிடைத்துவிட்டால் அது திரும்புவதற்கான இடம். அவன் உங்களைத் தாண்டும் வரை காத்திருக்காமல், அவன் உங்கள் கண்ணாடியில் ஓரத்துக்கு வேகமாக நகர ஆரம்பிக்கிற அந்தக் கணத்திலேயே அவன் பக்கம் திரும்பத் தொடங்கிவிடுங்கள். அவன் சுடுவதிலேயே கண்ணாக இருப்பதால் தாண்டிய பிறகுதான் திரும்புவான். அதற்குள் நீங்கள் கால் வட்டம் முடித்திருப்பீர்கள். ஹெட்-ஆன் பிடிவாதக்காரர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், அவர்களுக்கு அந்த மூன்று நொடிக்கு அப்புறம் என்ன செய்வது என்ற யோசனையே இருக்காது.

எட்டுக்குழல்:
நான் அந்த பி-47 கோஷ்டி, வணக்கம். நியாயமா என்று கேட்டதால் வந்தேன்.

என் விமானத்தில் எட்டு 12.7 மி.மீ. பிரவுனிங். முன்னால் 18 சிலிண்டர் காற்றால் குளிரும் இன்ஜின், ரேடியேட்டர் கிடையாது, குளிர்திரவம் ஒழுகிச் சாகிற கவலை கிடையாது. உங்கள் 109-இல் ஒரே ஒரு 20 மி.மீ. பீரங்கியும் இரண்டு சின்னத் துப்பாக்கியும், முன்னால் திரவத்தால் குளிரும் இன்ஜின். திரும்புவதில் நான் உங்களை ஜெயிக்க முடியாது, ஏறுவதிலும் முடியாது. எனக்குச் சாதகமான ஒரே இடம் நேருக்கு நேர் என்றால் நான் அங்கே வராமல் எங்கே போவேன்?

இது கேமில் கண்டுபிடித்த குறுக்கு வழியும் கிடையாது. 1941-இல் அமெரிக்கக் கடற்படையின் ஜான் தாச், ஜப்பானின் ஜீரோ விமானத்தைத் தங்கள் வைல்ட்கேட் விமானம் திருப்பத்தில் வெல்ல முடியாது என்று தெரிந்ததும், சமையலறை மேசையில் தீக்குச்சிகளை வைத்து ராத்திரி ராத்திரியாக யோசித்துக் கண்டுபிடித்த உத்தியே ஹெட்-ஆனை நம்பியதுதான். இரண்டு விமானம் பக்கம் பக்கமாகப் பறக்கும், ஒன்றின் பின்னால் ஜீரோ ஒட்டிக்கொண்டால் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பும், துரத்தி வருகிற ஜீரோ கூட்டாளியின் துப்பாக்கிக்கு நேராக வந்து மாட்டும். 1942 ஜூன் மாதம் மிட்வேயில் அதைச் செய்து காட்டினார். ஜீரோவில் கவசமும் இல்லை, ஓட்டை விழுந்தால் தானாக மூடிக்கொள்ளும் டேங்கும் இல்லை, நேருக்கு நேர் என்றால் அதற்குத்தான் நஷ்டம். ஜெர்மன் பக்கமும் அப்படித்தான். 1942 நவம்பர் 23-இல் பிரான்சின் செயின்ட் நசேர் மேலே எகோன் மேயர் தன் ஆட்களோடு அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானக் கூட்டத்தை முன்னாலிருந்து தாக்கினார், ஏனென்றால் அதன் மூக்கில்தான் காவல் குறைவு. பிற்பாடு பி-17ஜி மூக்குக்குக் கீழே இரட்டைத் துப்பாக்கிக் கூண்டோடு வந்ததற்குப் பின்னால் இந்தத் தாக்குதல்கள்தான் இருக்கின்றன.

சரி, எதிராளி ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். 800 மீட்டரில் நான் சுடுவது உங்களை வீழ்த்த அல்ல. இறக்கைத் துப்பாக்கிகளின் குண்டுகள் சேரும் தூரத்தை நான் 300 மீட்டரில் வைத்திருக்கிறேன், 800-இல் அவை குறுக்கே கடந்து பரவிப் போய்விடும். அந்த ட்ரேசரைப் பார்த்து பயந்து நீங்கள் ஸ்டிக்கை இழுக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும். இழுத்தால் 300, 400 மீட்டரில் வயிறு கிடைக்கும். எனக்கு எரிச்சலூட்டுகிற ஆள் யார் தெரியுமா, மேலே வால்காற்று சொன்ன மாதிரி 2 கி.மீ.யிலேயே கீழே பக்கவாட்டில் நழுவுகிறவன். நான் அவனைத் துரத்தித் திரும்பினால் என் வேகம் போய்விடும், திரும்பாமல் நேராக ஓடினால் என் வால் அவனுக்கு.

சும்மா_எட்டிப்பார்ப்பவன்:
அண்ணே, எதிரே வருகிறவனும் இந்தப் பதிலைப் படித்துவிட்டு அவனும் அதே பக்கம் கீழே நழுவினால்? சந்துக்குள் எதிரெதிரே வந்த இரண்டு பேர் ஒரே பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி முட்டிக்கொள்கிற கதை ஆகிவிடாதா?

நிலாமுற்றம்:
ஆகும், அதனால்தான் நிஜப் பயிற்சியில் அதற்கு விதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க விமானப்படைப் பயிற்சி விதிகளில் ஒவ்வொரு விமானத்தைச் சுற்றியும் 500 அடிக்குக் குமிழ் மாதிரி ஒரு எல்லை உண்டு, உள்ளே போனால் சண்டையை உடனே நிறுத்த வேண்டும். முன்பக்கத்திலிருந்து துப்பாக்கித் தாக்குதல் பயிற்சி செய்யவே அனுமதி இல்லை. நான் அதிகம் ஆடுவது டிசிஎஸ் என்ற இன்னொரு விமான கேம், அங்கேயும் ஒருவருக்கு ஒருவர் ஆடும்போது முதல் சந்திப்பில் முகத்தில் சுடக்கூடாது என்று பேசி வைத்துக்கொள்வது சகஜம், இடதுக்கு இடது கடக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொள்வோம். வார் தண்டரில் தெரியாத ஆளிடம் இதையெல்லாம் எதிர்பார்த்தால் நாம்தான் ஏமாளி.

நான் சேர்க்க நினைப்பது கடந்த பிறகு என்ன என்பது. எவனாக இருந்தாலும் உடனே திரும்பிவிடாதீர்கள். பி-47 என்றால் திரும்பலாம், எஃப்-4 அதை உள்வட்டத்தில் மடக்கிவிடும். எதிரே வந்தது பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் என்றால் தட்டையாகத் திரும்புவது தற்கொலை. கடந்ததும் மூக்கை லேசாக இறக்கி நேராக ஓடி, அவன் திரும்பி முடிக்கும்போது 2 கி.மீ. தள்ளியிருந்து, பிறகு ஏறுங்கள். அவன் திரும்புவதற்குச் செலவழித்த வேகம் உங்களுக்குக் கிடைத்த உயரம்.

குருவி_109:
எல்லாருக்கும் நன்றி, உடனே போய்ப் பார்த்தேன். பி-47-களிடம் பிரமாதமாக வேலை செய்கிறது, ஒருவன் பின்னால் மாட்டிக்கொண்டு சாட்டில் கெட்ட வார்த்தையே எழுதிவிட்டான். இரண்டு சந்தேகம். ஒரு ஸ்பிட்ஃபயர் நான் கீழே போனதும் தானும் சேர்ந்து மூக்கை இறக்கி என்னைத் தொடர்ந்துகொண்டே வந்தான், விடவே இல்லை. இன்னொரு தடவை, என் திரையில் அவன் என்னைத் தாண்டிப் பின்னால் போன பிறகு என் இறக்கை முறிந்தது. இது என்ன மாயம்?

வால்காற்று:
இரண்டாவது மாயம் பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் தாமதம். சென்னையிலிருந்து ஐரோப்பா சர்வருக்கு 150 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், நொடிக்கு 280 மீட்டர் நெருங்கும் வேகத்தில் அது 40 மீட்டருக்கு மேல் வித்தியாசம். நீங்கள் பார்க்கும் அவனும் அவன் பார்க்கும் நீங்களும் வெவ்வேறு இடத்தில் இருக்கிறீர்கள். அவன் திரையில் கடப்பதற்கு முன்னால் பட்ட குண்டு, உங்கள் திரையில் கடந்த பிறகு வந்து சேர்கிறது. வால் துரத்தலில் இருவரின் வேக வித்தியாசம் குறைவு என்பதால் இது அவ்வளவாகத் தெரியாது, ஹெட்-ஆனில்தான் பல்லைக் காட்டும். 20 மீட்டர் இடைவெளியில் உரசிக்கொண்டு கடப்பது அதனால்தான் நம் ஊர் நெட்டுக்கு ஆகாது.

ஸ்பிட்ஃபயர் மூக்கை இறக்கினான் என்றால் அது நல்ல செய்தி. அவன் கீழே பார்த்து இறங்க ஆரம்பித்ததும், ஒரு கி.மீ. வருவதற்குள், உருண்டு பக்கத்தை மாற்றி மேலே வாருங்கள். இந்தத் தடவை மேலே வருவது சரி, ஏனென்றால் இறங்குகிற வேகத்தோடு இருப்பவன் அந்த வேகத்தில் மறுபடி மூக்கைத் தூக்கிக் குறி வைப்பதற்குள் உங்களுக்குக் கீழே கடந்து போயிருப்பான். ஆனால் 700 மீட்டருக்குள் வந்துவிட்டால் இதைச் செய்யாதீர்கள், மறுபடி அதே வயிறு காட்டும் கதை.

சொல்ல வந்ததில் ஒரு பழைய வேடிக்கை. ஸ்பிட்ஃபயரின் ஆரம்ப கால மெர்லின் இன்ஜின்களில் மிதவைக் கார்புரேட்டர், மூக்கை அமுக்கினால் இன்ஜின் திணறும். 109-இல் நேரடி எரிபொருள் பீய்ச்சல் என்பதால் ஜெர்மானியர்கள் மூக்கை அமுக்கித் தப்பிவிடுவார்கள். 1941 வாக்கில் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் துளை போட்ட ஒரு சின்ன உலோகத் தட்டால் அதைப் பெருமளவு சரிசெய்தார்.

எட்டுக்குழல்:
சுட்டுத்தான் ஆக வேண்டும் என்று கை அரித்தால், 109-க்கு ஒரு வசதி இருக்கிறது. பீரங்கி மூக்கிலேயே இருப்பதால் குண்டுகள் எங்கே சேரும் என்ற கணக்கே இல்லை, 800 மீட்டரிலும் 200 மீட்டரிலும் பக்கவாட்டில் விலகாமல் நேராகத்தான் போகும். 900 வாக்கில் அவன் மூக்குக்குக் கொஞ்சம் மேலே வைத்து ஒரு நொடிக்கும் குறைவாகச் சுட்டுவிட்டு உடனே நழுவுங்கள், பட்டதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பீரங்கிக்கு 200 குண்டுதான், ஞாபகம் இருக்கட்டும். ஃபோக்கே-வுல்ஃப் 190 ஏ-8 ஓட்டினால் கதை வேறு, நாலு 20 மி.மீ.யும் காற்றால் குளிரும் இன்ஜினும் இருக்கிறது, அப்போது என் மாதிரி ஆட்களுக்கே கொஞ்சம் யோசனை வரும்.

நிலாமுற்றம்:
குருவி, அந்த ஸ்பிட்ஃபயர் சண்டையின் ரீப்ளேயைத் திறந்து அவன் விமானத்துக்குப் பார்வையை மாற்றிப் பாருங்கள். உங்கள் இறக்கை எந்தத் தூரத்தில் அவன் கண்ணாடியில் விரிகிறது என்று தெரிந்துவிடும். அவன் ஓட்டியது ஸ்பிட்ஃபயரில் மார்க் 5 ரகமா, 9-ஆ என்பதையும் பார்த்து எழுதுங்கள். 5 என்றால் கடந்த பிறகு நான் சொன்ன மாதிரி ஓடி ஏறலாம். 9 என்றால் அவன் ஏறியும் பிடித்துவிடுவான், அப்போது ஏறாமல் கீழே டைவ் அடித்து உங்கள் ஆட்கள் இருக்கும் பக்கம் ஓடுவதுதான் வழி.